பாலோ வெர்டே பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. அணு உலைகளுக்கு மேலே பறப்பதெல்லாம் என்னவென்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் தேடித்தேடிப் படிக்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனாவில் பாலோ வெர்டே அணுமின் நிலையம் இருக்கிறது, மூன்று உலைகள். 2019 செப்டம்பர் 29 அன்று இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஐந்தாறு ட்ரோன்கள் அவற்றைச் சுற்றி வட்டமடித்தன. சிவப்பும் வெள்ளையுமாக மின்னும் விளக்குகள். உயரம் 200, 300 அடி இருக்கும் என்று காவலர்கள் கணித்தார்கள். நெருங்கி வரும்போது எரிந்த பெரிய விளக்குகள், நிலையத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் நுழைந்ததும் அணைந்துவிட்டன. எல்லை எங்கே என்று தெரிந்து வந்தவர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் இரவும் வந்தன. இயக்கியது யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.

விளக்கு எந்த இடத்தில் அணைந்தது என்பதுவரை நமக்குத் தெரிகிறதே, அதற்குக் காரணம் பணியில் இருந்தவர் கண்ணில் பட்டதை அப்படியே சொன்னதுதான். எல்லா இடத்திலும் இப்படி வாய்க்கவில்லை. அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2020-இல் வெளிவந்த ஆவணங்களின்படி, ஐந்து ஆண்டுகளில் அங்குள்ள 24 அணு நிலையங்களில் குறைந்தது 57 ட்ரோன் சம்பவங்கள். அவற்றில் 49 விடை கிடைக்காமலே மூடப்பட்டன. அதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

காவலர்கள் சுட்டு வீழ்த்தவும் முடியாது. அங்கே சட்டப்படி ட்ரோனும் ஒரு விமானம். பிரான்சிலும் 2014 இலையுதிர் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் மேல் ட்ரோன்கள் பறந்தன. உலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குத் தடை இருந்தும்தான்! ஆக, காவலர் கையில் இருப்பது அறிக்கை ஒன்றுதான்.

அப்புறம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் அடையாளம் தெரியாத பறக்கும் பொருட்களை ஆராய 2022-இல் ஒரு அலுவலகம் தொடங்கினார்கள். அதன் 2024 அறிக்கையில் மொத்தம் 757 புதிய தகவல்கள். அணுசக்தி இடங்களைப் பற்றி 18 வந்தன. பதினெட்டையும் ட்ரோன் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், வேற்றுக்கிரகம்வரை போக நான் தயாரில்லை. ஆனாலும் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். திசை, நேரம், சத்தம் கேட்டதா, எத்தனை பேர் பார்த்தார்கள், அந்த நேரத்தில் ரேடாரில் என்ன இருந்தது, இவை இல்லாமல் பத்து வருஷம் கழித்து ஒருவர் எதை வைத்து ஆராய்வார்? கேலி செய்வார்களோ என்று ஒரு காவலர் பாதியை விழுங்கிவிட்டால் அது போனதுதான்.

நீ பல வருஷம் இரவு ஷிஃப்டில் லாக் புத்தகம் எழுதியவன். அவசரத்தில் எந்த விவரம் முதலில் விட்டுப்போகும் என்று உனக்குத்தான் தெரியும். அதை விரிவாக எழுது.

உன்,
சேகர்