மேசை மேல் வந்தவாசி

சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். அவளுக்கு என் ஆசிகள்.

"இன்னும் பொம்மைச் சிப்பாய்களோடுதானா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம். போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்களோடுதான் இருந்தேன். சமூக மன்ற மண்டபத்தில் எங்களைப் போன்றவர்கள் கூடினோம். மேசைக்கு ஒரு போர்க்களம். 28 மில்லிமீட்டர் உயர வீரர்களை அளவு நாடா வைத்து நகர்த்துவோம். சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க இப்படிப்பட்ட ஆட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பக்கத்து மேசையில் 1942 பிப்ரவரி: பாசிர் பாஞ்சாங் மேட்டில் மலாய்ப் படைப்பிரிவு ஜப்பானியரை எதிர்த்து நின்ற நாள். நான் அடிக்கடி பஸ்ஸில் கடக்கும் இடம் அது.

நான் கொண்டுபோன களம் நம் வந்தவாசி. 1760 ஜனவரி 22. பள்ளியில் ஒரு மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்தோமே, அந்தப் போர்! பள்ளி விட்டதும் நாம் ஏறி உட்கார்ந்த கோட்டையைத்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டிருந்தான். அதை மீட்க ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தான். பிரெஞ்சுப் படையின் இடப்புறத்தில் கரை கட்டிய ஒரு குளம். அதன் ஓரத்துக் கோரைக்கு நான் என்ன வைத்தேன் தெரியுமா? என் கல்யாணத்துக்கு நீ வாங்கிக் கொடுத்த பாயின் பிரிந்த ஓரத்தை. வந்தவாசிப் பாய் வந்தவாசிக் குளத்திலேயே முளைத்துவிட்டது.

அன்று லாலி தன் லொரேன் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவை முன்னே செலுத்தினான். அயர் கூட்டின் ஆட்கள் நெருங்கவிட்டுச் சுட்டதில் அது உடைந்தது. பிறகு குளக்கரையில் இருந்த வெடிமருந்து வண்டி வெடிக்க, பிரெஞ்சு இடப்புறம் கலைந்தது. அதை நிலைநிறுத்தப் போன பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி பிடிபட்டான். எங்கள் மேசையில் லொரேன் அதேபோல் உடைந்தது. ஆனால் வண்டி வெடிக்கப் பகடையில் ஆறு விழ வேண்டும், விழவே இல்லை. பிரெஞ்சுப் பக்கம் ஆடிய சீன மாணவன் ஞாயிறு மாலை வரை குளக்கரையை விடவில்லை. முதல் நாள் ஆங்கிலேயர் வைத்த பெயரில் "வாண்டிவாஷ்" என்றவன், இரண்டாம் நாள் ஒவ்வொரு எழுத்தாக "வந்தவாசி" என்று சொல்லக் கற்றுக்கொண்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஆட்டத் தாளில் ஐரோப்பியப் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. நம்மவர்களுக்கு வெறும் "சிப்பாய்கள்" என்ற சொல்தான். அன்றைய சண்டையின் சுமை பெரும்பாலும் ஐரோப்பியர் மேல் விழுந்தது உண்மை. என்றாலும் இரண்டு கொடிகளின் கீழும் நம்மவர்கள் நின்றார்கள். ஒரே பேச்சைப் பேசிக்கொண்டு எதிரெதிரே நின்றிருப்பார்கள். அதனால் அறுபது முகங்களுக்கும் தனித்தனியாக வண்ணம் கலந்தேன். இரண்டு மாத இரவுகள் அதற்கே ஆயின. கடையில் கிடைக்கும் தோல் வண்ணம் எதுவும் பொருந்தவில்லை. நம் தெருவை நினைத்துக்கொண்டு மாநிறம், கறுப்பு, வெயிலில் காய்ந்த செம்பழுப்பு என்று தீட்டினேன். ஒருவன் உன் அப்பா சாயலில் வந்துவிட்டான். அவனை முன்வரிசையில் வைத்தேன்.

நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். அது தை மாதத்துப் போர். தையில் அந்தப் பக்கம் வயல்களில் அறுப்பு முடிந்து தாள் நிற்குமா, இல்லை கதிர் இன்னும் நிற்குமா? அம்மாவைக் கேட்டால் சரியாகச் சொல்வார். கோட்டைக்கு வெளியே உள்ள மண்ணையும் இரண்டு படம் எடுத்து அனுப்பு. காய்ந்த மண் ஒன்று, தண்ணீர் தெளித்த பிறகு ஒன்று. என் மேசையில் மண் ரொம்பச் சிவந்துவிட்டதோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்