புல்வெளிக்கு மருந்தடிக்க உரிமம் உண்டா?

ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்வெளிக்கு மாதாமாதம் மருந்தடிக்கிறார்கள். முகக்கவசமோ கையுறையோ கிடையாது. போன வாரம் உரிமத்தைக் காட்டச் சொன்னேன். "வழக்கமா அடிக்கிற மருந்துதான் சார்" என்று பதில் வந்தது. டப்பாவில் பெயர்ச்சீட்டுகூட இல்லை. ஈரம் காயும் முன்பே பிள்ளைகள் அங்கே பந்து விளையாடினார்கள்.

1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி, மருந்து விற்கும் கடைக்காரரைப் போலவே, காசு வாங்கிக்கொண்டு பூச்சி ஒழிப்பவருக்கும் உரிமம் கட்டாயம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தபோது எல்லோரும் பதறினோம், பிறகு மறந்தோம். வேளாண்மைத் துறை அதிகாரிகள் உரக்கடைகளோடு நின்றுவிடாமல் குடியிருப்புகளுக்கும் வந்து சோதிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களும் (எங்கள் சங்கத்தையும் சேர்த்துத்தான்) யார் குறைந்த தொகை கேட்கிறார் என்று பார்க்கும் முன் உரிம நகலைக் கேட்கட்டும்.

வாசகர் ஒருவர், தாம்பரம்