தோலாவீராவில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துபோகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம், எழுதினால்தான் சரியாக வரும்.

மார்கழியில் நான் குஜராத்துக்கு, நீ இருக்கிற கட்சுக்கு, வந்திருந்தபோது காவ்டாவிலிருந்து ரண் என்கிற உப்பு வெளிக்கு நடுவே போகிற அந்தப் புதுச் சாலையில் என்னைச் சிந்துவெளிக் காலத்து ஊரான தோலாவீராவுக்குக் கூட்டிப் போனாய். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. வழிகாட்டி குஜராத்தியில் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். கிழக்குப் பக்கத்துப் பெரிய குளத்தின் படியில் நின்றுகொண்டு, "இவ்வளவு கட்டினவங்க ஏம்ப்பா போயிட்டாங்க? யார் அழிச்சது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊரும் ஒருநாள் இப்படித்தான்ப்பா கிடக்கும்" என்றாய். திரும்பி வரும் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லை அம்மாடி. நீ சொன்னது எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. இரண்டு மாதமாக நூலகத்துக்குப் போய் வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குளத்தைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை கண்மாய்க் கரையிலேயே நடந்தவன் நான். மடை, கலிங்கு, வரத்துக்கால் என்றுதான் என் கண் எதையும் பார்க்கும். எல்லோரும் கோட்டையைப் பார்த்தார்கள், நான் தரைச் சரிவைப் பார்த்தேன். ஊரின் மேட்டுப் பகுதிக்கும் தாழ்ந்த பகுதிக்கும் 13 மீட்டர் வித்தியாசம். வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும், மற்ற நாளெல்லாம் மணல். அந்த ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, மதிலை ஒட்டிச் சுற்றிலும் குளங்களில் நிரப்பியிருக்கிறார்கள். பதினாறு குளங்கள் வரை சொல்கிறார்கள். ஒன்று நிறைந்து அடுத்ததற்குப் போகும்படி அமைப்பு. நம் பக்கத்தில் சங்கிலித் தொடராகக் கண்மாய்கள் இருக்கின்றனவே, அதே புத்திதான். நாம் நின்ற குளம் மட்டும் 73 மீட்டர் நீளம். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தாயே, அது 12 மீட்டர்தான். கோட்டைக்குள் பெய்கிற மழை கூட வீணாகாமல், ஆள் நடந்து போகிற உயரத்துக்குக் கல்லால் வடிகால் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நம் சிவகங்கைப் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்தும் ஆடி பிறந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். கட்சில் அதில் பாதிகூடப் பெய்யாது. அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓர் ஊர் நின்றிருக்கிறது என்றால், அவர்களுக்கு நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவேன்.

யார் அழித்தது என்று கேட்டாய். நான் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் பதில் இருந்தது. படையெடுத்து வந்தவர்கள் அழித்தார்கள். மொகஞ்சதாரோவின் தெருக்களிலும் வீடுகளிலும் கிடந்த எலும்புக்கூடுகளை வைத்து 1940களில் மார்ட்டிமர் வீலர் என்கிற தொல்லியல் ஆய்வாளர் சொன்னது அது. 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்கிற ஆய்வாளர் அந்த எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார். எல்லாம் ஒரே நாளில் செத்தவர்களுடையவை இல்லை, வெவ்வேறு காலத்து அடுக்குகளில் கிடந்தவை. போர் நடந்ததற்கு ஆயுதமோ எரிந்த கோட்டையோ எதுவும் இல்லை. படையெடுப்புக் கதை அதோடு தளர்ந்தது. ஆனால் எங்கள் புத்தகத்தில் அது மாற ரொம்ப வருஷம் ஆனது.

இப்போது ஆய்வாளர்கள் மழையைப் பார்க்கிறார்கள். மேகாலயாவில் மாம்லூ என்று ஒரு குகை. அதில் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு படிந்து வளர்ந்த கல்லை அறுத்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் பருவமழை நன்றாகப் பெய்தது, எப்போது பொய்த்தது என்று தெரிகிறதாம். சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வறட்சி அதில் பதிவாகியிருக்கிறது. பூமியின் வரலாற்றில் அப்போது தொடங்கி இன்றுவரையுள்ள காலத்துக்கு 2018இல் 'மேகாலயன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிந்துவெளியின் பெரிய நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் சுருங்கத் தொடங்கின. வறட்சி மட்டும்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. மெசபடோமியாவுடன் இருந்த வியாபாரம் குறைந்தது, ஆறுகள் இடம் மாறின. எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். நகரம் போனது, ஜனங்கள் போகவில்லை. சிந்து ஆற்றங்கரையில் ஊர்கள் குறையக் குறைய, கிழக்கே ஹரியானா பக்கமும் தெற்கே சௌராஷ்டிராவிலும் சின்னச் சின்ன ஊர்கள் கூடியிருக்கின்றன. மழை எங்கே இருந்ததோ அங்கே போயிருக்கிறார்கள். விதையையும் மாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச மழையில் விளைகிற தானியம் கூடுகிறது. நாம் கூழ் காய்ச்சுகிற கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை என்று உனக்குத் தெரியுமா? அவை நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

தோலாவீராவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அன்றைக்கு நாம் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே 1990இலிருந்து பதினைந்து வருஷம் போலத் தோண்டிய பிஷ்ட் என்கிற ஆய்வாளர், ஊரின் வாழ்க்கையை ஏழு கட்டமாகப் பிரித்தார். ஊர் நன்றாக இருந்து, தளர்ந்து, வெறிச்சோடுகிறது. கொஞ்ச காலம் கழித்து ஆட்கள் வருகிறார்கள், சின்னதாக ஓர் ஊரைக் கட்டுகிறார்கள். மறுபடியும் காலி. கடைசியில் ஒரு கூட்டம் வந்து வட்டமாகக் குடிசை போட்டு இருந்துவிட்டுப் போகிறது. நீளமும் அகலமும் அளந்து, ஊருக்கே ஒரு கணக்கு வைத்துக் கட்டிய இடத்தில் வட்டக் குடிசை. நீ தங்கியிருக்கிற பக்கத்தில் புங்கா என்று வட்ட வீடு காட்டினாயே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே நாளில் விழுந்த ஊருக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்காது. போனவர்களுக்குத் திரும்பி வர மனசு இருந்திருக்கிறது.

இன்னொன்று படித்தேன், அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆப்கானிஸ்தானின் வடக்கே, இந்துகுஷ் மலையைத் தாண்டி, ஆமூ தாரியா ஆற்றின் பக்கத்தில் ஷோர்துகாய் என்று ஓர் இடம். 1970களில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். தோண்டினால் சிந்துவெளிப் பானை, சூதுபவள மணி, காண்டாமிருகம் பொறித்த முத்திரை. பக்கத்து பதக்‌ஷான் மலையில் கிடைக்கிற லாபிஸ் லசூலி என்கிற நீலக் கல்லுக்காகப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் சும்மா கூடாரம் போட்டு உட்காரவில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, நிலத்தை உழுது பயிர் வைத்திருக்கிறார்கள். எந்த மலைக்கு அந்தப் பக்கம் போனாலும் முதலில் தண்ணீரைப் பார்க்கிற ஆட்கள் அவர்கள்.

அதற்கும் மேற்கே, இன்றைய துர்க்மெனிஸ்தானில், காரகும் பாலைவனத்தில் கோனூர் தெபே. மலையிலிருந்து இறங்கி வருகிற முர்காப் ஆறு கடலுக்குப் போகாமல் மணலிலேயே வற்றிப்போகும். அந்த ஆறு விசிறியாகப் பிரிகிற இடத்தில் மதிலும் கோபுரமும் அரண்மனையும் வைத்து ஒரு நகரம். விக்டர் சரியானிதி என்ற சோவியத் ஆய்வாளர் வயதான காலத்திலும் விடாமல் அங்கே தோண்டிக்கொண்டிருந்தார். ஆமூ தாரியாவின் பழைய பெயரை வைத்து ஆக்சஸ் நாகரிகம் என்று சொல்கிற ஒன்று இருந்ததே அவர் வழியாகத்தான் உலகத்துக்கு நன்றாகத் தெரிய வந்தது. யானை பொறித்த சிந்துவெளி முத்திரை ஒன்றும், யானைத் தந்தத்தில் செய்த சாமான்களும் அங்கே கிடைத்தன. அந்த மணலில் யானை ஏது? நம் பக்கத்திலிருந்து போனதுதான். கோனூரும் நிலைக்கவில்லை. ஆறு மெல்ல விலகிப் போனது, ஜனங்களும் ஆற்றோடு போய்விட்டார்கள்.

தூக்கம் வராததற்குக் காரணம் இது. கோனூரிலும், ஈரானில் ஷஹ்ர்-இ சோக்தா என்ற ஊரிலும் புதைக்கப்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களோடு ஒட்டாமல் 11 பேர் தனியாகத் தெரிந்தார்கள். ஹரியானாவில் ராகிகடி என்கிற சிந்துவெளி ஊரில் கிடைத்த ஒரு பெண்ணின் மரபணுவோடு அவர்களுடையது ஒத்துப்போகிறது. சிந்துவெளியிலிருந்து போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலைக்குப் போனார்களா, கல்யாணம் முடித்துப் போனார்களா, யாருக்குத் தெரியும். அவர்களுக்கும் ஊரில் ஓர் அப்பன் இருந்திருப்பான், மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு.

மெசபடோமியாவில் ஷு-இலிஷு என்று ஒருவர் இருந்தார். அவருடைய முத்திரை பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் என்று அதில் எழுதியிருக்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதைப் படித்தபோது, வழிகாட்டி சொன்னதை எல்லாம் நீ எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது கண்முன் வந்தது.

சரி, அப்படியானால் எதுவுமே அழியவில்லையா என்று கேட்பாய். அழிந்தது. முத்திரை நின்றுபோனது. எழுத்து நின்றுபோனது. வடக்கு வாசலில் பத்து எழுத்தைப் பெரிது பெரிதாகப் பதித்து வைத்திருந்தார்களே, அதை இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறபடி ஒருவராலும் படிக்க முடியவில்லை. படித்துக் காட்டுபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று நம் முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார், ஞாபகம் இருக்கும். ஊருக்கு ஊர் மாறாத எடைக்கல்லும், ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் அறுத்த செங்கல்லும் போயின. குளத்தில் மண் சேர்ந்தது. இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. தூர் வாருவது ஒவ்வொரு வருஷமும் செய்ய வேண்டியது. நாலு பேரைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும், கூப்பிட்டால் வர நாலு பேர் வேண்டும். அதைத்தான் நம் பெரியவர்கள் குடிமராமத்து என்றார்கள். தோலாவீராவில் மழை குறைந்தது ஒரு பக்கம், கூப்பிட ஆள் இல்லாமல் போனது இன்னொரு பக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது புத்தகத்தில் படித்ததில்லை, என் அனுமானம்.

அதனால்தான் நீ நம் ஊரைச் சொன்னபோது பேச முடியவில்லை. நம் கண்மாயின் வரத்துக்கால் என் கண் முன்னால்தான் தூர்ந்தது. மேற்கே மனை போட்டார்கள், கருவேலம் மண்டியது. வெளியூர்க் கண்மாய்களுக்கு எல்லாம் மதிப்பீடு போட்டு அனுப்பிய நான், சொந்த ஊர் வரத்துக்காலுக்காக நாலு பேரைக் கூட்டவில்லை. மாற்றல், வேலை, உன் படிப்பு என்று வருஷம் ஓடிவிட்டது. அது எனக்குள் இருக்கிற பாரம். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நம் குடும்பமே வந்தேறியதுதான். என் பூட்டனார் தாது வருஷப் பஞ்சத்தில் கிழக்கேயிருந்து பிழைக்க வந்தவர். ஒரு மூட்டை விதைக் கம்பும், குலதெய்வக் கோயில் பிடிமண்ணும் கொண்டுவந்தார் என்று அப்பத்தா சொல்லும். அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் கண்மாய்க் கரையில் நம் கோயில் எழும்பியது. அவர் விட்டுவந்த ஊர் எது என்று இன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நீ அங்கே நிலம் வாங்கினாலும் சரி, வீடு கட்டினாலும் சரி, எனக்குச் சம்மதம். முன்பு நான் பேசிய பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே பங்குனிப் பொங்கலுக்கு அப்புறம் வரத்துக்காலை அளந்து பார்க்கலாம் என்று மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார்.

புஜ்ஜில் நீ வாங்கிக் கொடுத்த சூதுபவள மாலையை அம்மா கழற்றுவதே இல்லை. அந்தக் கல்லைச் சூடேற்றிச் சிவக்க வைத்துத் துளைபோடுகிற வேலை காம்பேயில் இன்னும் நடக்கிறதாம். அதையும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. ஆனி, ஆடியில் அங்கே மழை பிடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோலாவீராவுக்குப் போ. மன்ஹரில் தண்ணீர் ஓடினால் கரையில் நின்று படம் எடுத்து அனுப்பு. எந்த இடத்தில் திருப்பிவிட்டிருப்பார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா