கணப்பின் மேல் ஒரு சிறுவன்

நியூ இங்கிலாந்துப் பழைய மாளிகை ஒன்றை அருங்காட்சியகமாக நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் விருந்துக் கூடத்தில் கணப்புக்கு நேர் மேலே 1760களின் பாஸ்டன் எண்ணெய் ஓவியம் ஒன்று தொங்குகிறது. கவுன் போட்ட சிறுவன். (விளக்க அட்டை ‘சிறுமி’ என்கிறது. அக்காலத்தில் சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான். அது தனி வழக்கு.) சென்ற விருந்துக்குக் கணப்பை மூட்டினீர்கள். மறுநாள் தரையில் கிடந்ததைப் பெருக்கித் தள்ளினீர்கள். அது தூசி அல்ல, பையனின் வலது காலணி.

ஓவியத்தை அங்கிருந்து இறக்குங்கள்.

கித்தானுக்கும் வண்ணத்துக்கும் இடையே விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரப் பசைப் பூச்சு உண்டு. குளிர்காலத்தில் சூடேற்றிய அறையின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் அது சுருங்கி இழுக்கும். இறுகிப்போன எண்ணெய்ப் படலம் ஈடுகொடுக்க முடியாமல் மூலைகளில் குறுக்காக வெடிக்கும். கோடையில் 80ஐத் தாண்டினால் பசை இளகிப் பிடிப்பை விடும். அப்படித் தளர்ந்த செதிலை அடுத்த கணப்புச் சூடு உதிர்த்துவிடும். முகம் பிழைத்திருப்பது அதில் தடிமனாக ஏறிய ஈயவெள்ளை வண்ணத்தால், உங்கள் பராமரிப்பால் அல்ல. கன்னத்தின் லேக் சிவப்பு (சாயத்திலிருந்து எடுத்த வண்ணம்) ஸ்பாட் லைட்டில் வெளுத்துவிட்டது, இனி வராது.

பாஸ்டன் ஓவியர் காப்லி 1765இல் வரைந்த, அணிலோடு இருக்கும் சிறுவனின் படம் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து 1766இல் லண்டன் கண்காட்சியில் தொங்கியது. அந்தக் கடலைவிட உங்கள் பந்தி பொல்லாதது போலும். கூடத்துக்கு வாடகை வருகிறது, தெரியும். மெழுகுவத்திக் கரி வார்னிஷில் படிவதும் ‘பழமை அழகு’ கணக்கில் சேருமோ என்னவோ.

மன்னிக்கவும். கேட்க வந்தது ஒன்றுதான்: இறக்குங்கள்.

இருவர் பிடிக்க வேண்டும். சாய்த்து நிறுத்தாமல், வண்ணம் மேலே இருக்கும்படி மேசையில் கிடத்துங்கள். பஞ்சோ துணியோ படக்கூடாது. கீழ் விளிம்பின் புடைப்பு, பின்னால் சட்டத்துக்கும் கித்தானுக்கும் நடுவே விழுந்த மர ஆப்பால் வந்தது, முன்னாலிருந்து அமுக்காதீர்கள். இனி உதிர்வதை உறையிலிட்டு, விழுந்த இடத்தை அதன்மேல் எழுதுங்கள். ஒட்டுவது ஓவியப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. ஸ்டர்ஜன் மீன் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் அவரிடம் இருக்கும். திரும்ப மாட்டும்போது வெளிச்சுவரில் வேண்டாம், உட்சுவரில் மாட்டுங்கள். பின்புறம் அட்டையால் மூடியிருக்கட்டும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, வெளிச்சம் 200 லக்ஸுக்குள்.

அடுத்த விருந்து சனிக்கிழமை என்று வாசல் பலகையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இறக்கிவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பழைய ஓவியப் பராமரிப்பில் இருப்போர் சிலர்