மணி எந்தப் பக்கம் தொங்குகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனைகள் நோயாளிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொரு வார்டிலும் கருத்துப் பெட்டி வைக்கச் சொல்லி முடித்திருந்தார் கட்டுரையாளர். பெட்டிக்கு என்ன குறைச்சல்? பக்கவாதம் வந்து என் அம்மா 11 நாள் படுத்திருந்த வார்டின் வாசலிலேயே ஒன்று இருந்தது. பூட்டும் தொங்கியது.

அம்மாவுக்குச் செயலிழந்தது வலது கை. நர்ஸைக் கூப்பிடும் மணியோ கட்டிலின் வலப்பக்கக் கம்பியில் கட்டியிருந்தது. பேச்சு குழறியதால் குரல் கொடுக்கவும் முடியாது. இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி ஒயரைப் பிடிக்கப் பார்ப்பார்; நாலு விரல்கடை எட்டாது. முதல் இரவு படுக்கை நனைந்து, விடியும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். காலையில் நான்தான் மணியை அவிழ்த்து இடப்பக்கம் கட்டினேன். ஒரு நிமிஷ வேலை. மறுநாள் விரிப்பு மாற்ற வந்தவர்கள் பழையபடி வலப்பக்கமே கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாக் கட்டிலிலும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்குப் புறப்படும் அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். வார்டு சுத்தமாக இருந்ததா, ஊழியர்கள் பணிவாகப் பேசினார்களா, சாப்பாடு எப்படி என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள். "எல்லாத்துக்கும் நல்லதா டிக் போட்டுடுங்க அக்கா, குறைச்சுப் போட்டா எங்களைத்தான் கேப்பாங்க" என்றார் படிவம் கொடுத்த நர்ஸ். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்த அந்தப் பெண்ணுக்காகவே டிக் போட்டேன். மணியைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

கேட்பது வேறு, பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது வேறு என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து 4ஆவது படிதான். அந்தப் படியை அவர் வெறும் ஒப்புக்குச் செய்யும் வகையில் சேர்த்திருக்கிறார். 1978இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய மாநாட்டில் வந்த அல்மா-அட்டா பிரகடனமோ, தங்கள் மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்றே எழுதிவிட்டது. காகிதத்தில் நாம் எப்போதோ ஜெயித்துவிட்டோம்.

"நோயாளிக்கு மருத்துவம் தெரியுமா?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். எந்த மாத்திரை கொடுப்பது என்று கையைத் தூக்கி ஓட்டுப் போட வேண்டும் என்று யார் சொன்னது? வெறும் வயிற்றில் வரச் சொன்ன சர்க்கரை நோயாளி எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தார், வாசலிலிருந்து எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலி போகுமா என்பதெல்லாம் அங்கே காத்திருந்தவருக்குத்தான் தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அதேதான்.

பிரேசிலில் இதை நல்லெண்ணத்தை நம்பி விடவில்லை. 1990இல் போட்ட சட்டப்படி, ஒவ்வொரு நகராட்சியின் சுகாதாரக் குழுவிலும் பாதி இடம் சேவையைப் பயன்படுத்துவோருக்கு. குழுவே இல்லை என்றால் மத்திய அரசின் சுகாதார நிதி வராது. பணத்தோடு முடிச்சுப் போட்டதால்தான் ஊருக்கு ஊர் குழு வந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், இல்லைதான். ஆனால் கூட்டமே போடாமல் காலம் தள்ள முடியாது.

இங்கிலாந்துக் கதை வேறு மாதிரி. நோயாளிகளின் சார்பில் பேச 1974இல் அமைத்த சமுதாய சுகாதாரக் குழுக்களை 2003இல் கலைத்தார்கள். பதிலுக்கு வந்த அமைப்பு ஐந்தே ஆண்டில் போனது, அதற்கடுத்ததும் அப்படியே. இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் அழுக்கு விரிப்பிலேயே கிடந்தார்கள்; மணி அடித்தும் யாரும் வரவில்லை. அதை வெளியே கொண்டுவந்தது எந்தக் குழுவும் அல்ல, இறந்தவர்களின் உறவினர்கள். அதை விசாரித்த வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் கொடுத்த அறிக்கையில் 290 பரிந்துரைகள். அதே ஆண்டு வந்த 'ஹெல்த்வாட்ச்' உள்ளூர் அமைப்புகளுக்கு, மருத்துவமனைக்குள் போய்ப் பார்க்கவும் எழுதிக் கேட்டால் பதில் வாங்கவும் சட்டத்தில் இடமிருந்தது. அதையும் எடுக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார்கள். நட்ட செடியை வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிற கதை!

இன்னொரு விஷயம். குழு அமைத்தாலும் கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்களும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களும்தான். (நானும் அந்த ரகம்தான், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறேனே!) தினக்கூலிக்குப் போகிறவர், காது கேளாதவர், அம்மாவைப் போல வாய் குழறுகிறவர் எல்லாம் அந்த நாற்காலிக்கு வர வேண்டுமானால், அன்றைய கூலியும் வண்டிச் செலவும் கொடுக்க வேண்டும். மனுவைக் கையால்தான் எழுத வேண்டும் என்று சொல்லக் கூடாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கட்டும்: பெட்டியைத் திறந்த தேதி, வந்த கடிதங்கள் எத்தனை, எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன். முடியாது என்பதுகூடப் பதில்தான். காரணத்தை எழுதி மாட்டினால் போதும். குறை எழுதினால் அந்த ஷிஃப்டில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு அதட்டுவதையும் நிறுத்த வேண்டும். அது நின்றால் நாங்களும் உண்மையை எழுதுவோம்.

போன மாதம் அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நின்று, இடது கையால் என் தோளைத் தட்டி உள்ளே காட்டினார். அவர் படுத்திருந்த கட்டிலில் வேறொரு பெண்மணி. மணி வலப்பக்கம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்