சத்தமில்லாத முடிவுகள்

ஆசிரியருக்கு,

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்கள் போர் முடிந்த பிறகு சப்பென்று ஓய்ந்துவிடுகின்றன என்று குறைப்படுவோர் உண்டு. எல்லா நாவல்களுக்கும் அது பொருந்தாது.

டோல்கீனின் ‘மோதிரங்களின் அதிபதி’ (The Lord of the Rings) ஆறு நூல்களாகப் பிரிந்தது; கடைசி நூலுக்கு ஒன்பது அத்தியாயங்கள். அழிக்க வேண்டிய தீய மோதிரம் மூன்றாவதிலேயே அழிந்துவிடுகிறது. மிச்சம் ஆறும் ஊர் திரும்புதலும் பிரிவும்தான். அது இழுவையாகத் தெரியாததற்குக் காரணம், மோதிரத்தைச் சுமக்கும் ஃபுரோடோவுக்கு முதல் நூலிலேயே விழுந்த கத்திக்காயம். அக்டோபர் 6-இல் பட்ட அந்தக் காயம் மறு ஆண்டு அதே நாளில் மீண்டும் வலிக்கிறது. கடைசியில் ஃபுரோடோ ஊரைவிட்டே கப்பலேறும்போது வாசகர் அதிர்வதில்லை, ஆமாம் என்கிறார். லெ குவினின் நாவல் வரிசையில் வரும் மந்திரவாதி கெட், 1972-இல் வந்த நாவலில் மந்திரசக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். 1990-இல் வந்த தொடர்ச்சியில் ஆடு மேய்க்கிறான். சக்தி திரும்பி வந்திருந்தால் முந்தைய நாவலில் அவன் கொடுத்த விலையே பொய்யாகியிருக்கும்.

இழப்பை முன்பே விதைக்காமல், கடைசிப் பத்துப் பக்கத்தில் யாரையாவது சாகடித்துக் கண்ணீர் வாங்கப் பார்க்கும்போதுதான் முடிவு கெடுகிறது. அதைச் சோகம் என்பதைவிட அவசரம் என்பதே சரி.

நம் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிதா என்ன? வில்லுப்பாட்டில் வீரன் வஞ்சகமாய் வெட்டுப்படுவான். பிறகு கைலாயம் போய் வரம் வாங்கித் தெய்வமாய் வந்து நிற்பான். குமரி அம்மனின் கல்யாணமோ நடக்கவே இல்லை. சமைக்காத அரிசிதான் கடற்கரை மணலாகிக் கிடக்கிறது என்று கதை. அந்த முடிவை மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

- ஒரு வாசகர், நாகர்கோவில்