திண்ணையில் விட்ட பேச்சு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுவை. இங்கே மழை விட்டபாடில்லை. காயப்போட்ட வடகமெல்லாம் போச்சு.

போன தடவை நம் திண்ணையில், "கதை பேசி எந்தச் சண்டையடா ஓய்ந்தது?" என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்கு வாயடைத்துவிட்டது. இப்போது ஜெருசலேம் பக்கத்து அப்பாக்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ராமி எல்ஹனான் இஸ்ரேலைச் சேர்ந்த யூதர். 1997 செப்டம்பரில் பென் யெஹுதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் மகள் ஸ்மதாரைப் பறிகொடுத்தவர். அவளுக்கு 14 வயது நிறையவில்லை. ஒரு வருஷம் போல் கழித்து, பிள்ளைகளை இழந்த இஸ்ரேலியர், பாலஸ்தீனர் என்று இரு தரப்புப் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் பேரன்ட்ஸ் சர்க்கிள் கூட்டத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போய் ஒதுங்கி நின்றிருக்கிறார். பாலஸ்தீனக் குடும்பங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கின. அதில் ஒரு அம்மா, கறுப்பு அங்கியில், நெஞ்சோடு தன் குழந்தையின் படம். நாற்பத்தேழு வயதுக்கு மேல் ஆகியும், பாலஸ்தீனரைக் கூலியாளாகவோ பயங்கரவாதியாகவோ தவிர அதுவரை பார்த்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸாம் அராமின் பாலஸ்தீனர். 17 வயதில் சிறைக்குப் போய் 7 வருஷம் இருந்தவர். 2007 ஜனவரியில் அவருடைய 10 வயது மகள் அபீர், பள்ளிக்கூடத்துக்கு வெளியே இஸ்ரேல் எல்லைப் போலீஸின் ரப்பர் குண்டு தலையில் பட்டு இறந்தாள். அதற்கு முன்பே ராமியும் அவரும் சிநேகிதர்கள். அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய் இரண்டு பேரும் சேர்ந்து தங்கள் மகள்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? கதை சொல்ல வந்ததால் பஸ்ஸாம் வழக்கை விட்டுவிடவில்லை. சுட்டவர் மேல் குற்றவழக்கு நடக்கவில்லை. ஆனாலும் 2010-ல் சிவில் நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்றது. நம் ஊர்ச் சமாதானப் பேச்சு அப்படியா? அடிபட்டவனிடம் போய், 'மறந்துவிடப்பா' என்பதோடு முடிகிறது. உன் கோபம் அதன் மேல்தான் என்று இப்போது புரிகிறது.

அப்புறம் இன்னொன்று. 2023-ல் இஸ்ரேல் கல்வி அமைச்சகம் இந்த பேரன்ட்ஸ் சர்க்கிள் அமைப்பைப் பள்ளிக்கூடங்களுக்குள் வரவிடாமல் நிறுத்தியது. வெறும் கதைப்பேச்சுதான் என்றால் அதற்கு எதற்குத் தடை? இதற்கு நீ பதில் சொல்லு.

தை பிறந்ததும் வருகிறேன். சரோஜாவிடம் அதிரசத்துக்கு இப்போதே சொல்லிவை.

உன்,
ராமலிங்கம்